கலப்பட டீசல் என்று நான் எழுதிய வரி

"பஸ் பாலத்து மேல நிக்குது சார். நாப்பது பொம்பளைங்க எறங்கி மில்லுக்கு நடந்து வாராங்க. நீங்க சரி பண்ணிக் குடுத்து நாலு நாள்தான் ஆவுது."

போனில் பேசியவர் வெங்கடேஷ். ராஜபாளையத்தில் உள்ள ஒரு நூற்பாலையின் போக்குவரத்து அதிகாரி. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், ஆனால் குரலில் அறுபது வயது அதிகாரம். நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்–ராஜபாளையம் சாலையில் இருந்த ஒரு டீசல் ஒர்க்‌ஷாப்பில் ஒர்க்ஸ் மேனேஜர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்து, பம்ப், இன்ஜெக்டர் என்று முப்பது வருடம் கை கறுத்தவன். ஊரில் டீசல் இன்ஜின் என்றால் என்னைக் கேட்பார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதுகிறேன். இப்போது வேலை கற்கிறவர்கள் இதைச் சென்சார் பற்றிய குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று முறை வந்த வண்டி

அந்தப் பஸ் தினமும் காலையில் மகாராஜபுரத்தில் ஆள் ஏற்றும். அடுத்து கான்சாபுரம், வழியில் இன்னும் சில ஊர்கள், பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம். எட்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் கேட்டை மூடிவிடுவார்கள். அன்றைய வேலை போய்விடும்.

டிரைவர் சேவியர் கான்சாபுரத்துக்காரர். பதினேழு வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்ற மாட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்.

"அண்ணாச்சி, காலைல எடுக்கும்போது குதிரை மாதிரி வருது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுனா இழுக்க மாட்டேங்கு. ஆக்ஸிலரேட்டர எம்புட்டு மிதிச்சாலும் முப்பதுக்கு மேல ஏறல. ஓரமாப் போட்டு செத்த நேரம் கழிச்சு எடுத்தா மறுபடி ஓடுது."

குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடுகிறது, சூடானால் இழுப்பதில்லை, ஆறவிட்டால் சரியாகிறது. ஒரு மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய துப்பு அத்தனையும் அதில் இருந்தது. நான் அதை டிரைவர் பேச்சு என்று ஒரு காதால் கேட்டுக்கொண்டேன்.

முதல் முறை டீசல் பில்ட்டர் மாற்றினோம். இரண்டாம் முறை இன்ஜெக்டர்களைக் கழற்றி பெஞ்சில் வைத்துச் சோதித்தோம். எல்லாம் நன்றாக இருந்தன. ஏர் பில்ட்டரை மாற்றி, டர்போ குழாயில் கசிவு பார்த்து அனுப்பினோம். மூன்றாம் முறை நானே, இன்ஜின் கணினி காட்டும் அளவுகளைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, ஆட்கள் எடைக்கு வண்டியில் மணல் மூட்டை ஏற்றி, சேவியரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது கிலோமீட்டர் போனதும் வண்டி சோர்ந்தது. திரையில் பார்த்தேன். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. ஆனால் எரிபொருள் வெப்பநிலை தொண்ணூற்றெட்டு டிகிரி காட்டியது.

அந்த இன்ஜினில் டீசல் தொண்ணூறு டிகிரிக்கு மேல் போனால், இன்ஜினை ஆளும் கணினிப் பெட்டி எரிபொருளைக் குறைத்துவிடும். பம்ப் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு. எனவே வண்டி ஏன் இழுக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. டீசல் ஏன் சூடாகிறது என்பதுதான் கேள்வி. டீசல் உண்மையிலேயே சூடாகிறதா என்று நான் கேட்கவில்லை. வண்டியை நிறுத்தி, மிச்ச டீசல் டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப்பில் கையை வைத்திருந்தால் போதும். தொண்ணூற்றெட்டு டிகிரி என்றால் கை பொசுங்கியிருக்கும். நான் கை வைக்கவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி, பில்ட்டரிலிருந்து கொஞ்சம் டீசலை ஒரு டம்ளரில் பிடித்து மோந்து பார்த்தேன். "ஒரு மாதிரி வாடை வருது" என்றேன். அந்த ஒர்க்‌ஷாப்பில் என் சட்டையிலேயே நாலு வாடை வரும். அடர்த்தி பார்க்கிற மானி அலமாரியில் இருந்தது. எடுக்கவில்லை.

சேவியருக்கு முகம் மாறிவிட்டது. "அண்ணாச்சி, மில்லு சொன்ன பங்க்லதான் ஊத்துறேன். சந்தேகம்னா இத எடுத்து டெஸ்டுக்கு அனுப்புங்க."

"எதுக்குய்யா? பாத்தாலே தெரியுதே" என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கண்டுபிடிக்க முடியாத குறையை டீசல் தலையில் கட்டிவிடுவோம். டீசல் வந்து சண்டை போடாது. வாடிக்கையாளர் பங்க்காரரைத் திட்டிக்கொண்டு போய்விடுவார், எங்கள் பெயர் கெடாது. நான் அந்த வழக்கப்படி ஜாப் கார்டில் எழுதினேன்: "எரிபொருளில் கலப்படம். டீசல் ஊற்றும் இடத்தைச் சரிபார்க்கவும்." கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த டீசலை ஊற்றுகிறவர் ஒரு மனிதர் என்பதும், அவர் எனக்கு எதிரே நிற்கிறார் என்பதும் அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை. உறைக்கவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஓரளவு உறைத்தது. எழுதி முடித்துவிட்டேன்.

டேங்க்கைக் கழுவியது

இரண்டு நாளில் வெங்கடேஷ் போன் செய்தார்.

"நீங்க எழுத்துல குடுத்தது நல்லதாப் போச்சு சார். அந்தாளு ஏதோ கள்ள டீசல ஊத்திக்கிட்டு நம்மள ஏமாத்திருக்காரு. சஸ்பெண்ட் பண்ணியாச்சு. விசாரணை வச்சு அனுப்பிர வேண்டியதுதான்."

நான் சொன்னது எண்ணெயைப் பற்றி, ஆளைப் பற்றி இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "அப்படியா" என்று மட்டும் சொன்னேன்.

வேறு டிரைவரைப் போட்டார்கள். வேறு பங்க்கில் டீசல் ஊற்றினார்கள். எட்டாம் நாள் காலையில் அந்தப் பஸ் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே திணறி நின்றது. பெண்கள் இறங்கி வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் மட்டும் உள்ளே வந்து, அன்று சீக்கிரமே வந்திருந்த என்னிடம் தண்ணீர் கேட்டார். பாக்கியம் என்று பெயர். மகாராஜபுரத்திலிருந்து வருகிறவர், ரீலிங் பிரிவில் மேஸ்திரி. தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார்தான் டீசலப் பாத்து எழுதிக் குடுத்தவியளா?"

"ஆமாம்மா."

"இன்னைக்கு ஊத்துன டீசலையும் சேவியரண்ணன்தான் வீட்டுல இருந்து சட்டில கொண்டாந்து ஊத்திட்டாராக்கும்?"

அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போகும்போது திரும்பிச் சொன்னார்: "இந்தக் கோளாறு வாரதுக்கு முன்னால, பதினோரு வருசத்துல அவரு எங்கள ஒரு நா கூட லேட்டாக்குனதில்ல. இப்ப மாதா கோயிலுக்குக்கூட வாரதில்லையாம். ஊரு என்ன சொல்லுமோன்னு."

புதிய டிரைவர், புதிய டீசல், அதே குறை. என் முடிவு தவறு என்று தெரிந்துகொள்ள இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வெங்கடேஷ் போனில் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பழைய டீசலோட கசடு டேங்க்ல தங்கியிருக்கும். டேங்க்க எறக்கிக் கழுவணும்."

இறக்கினோம். கழுவினோம். அடியில் தங்கியிருந்த பழைய டீசல் அத்தனையும் போனது. சேவியர் டெஸ்டுக்கு அனுப்பச் சொன்ன எண்ணெயில் ஒரு சொட்டுகூட மீதி இல்லை. அவர் சொன்னது உண்மை என்று நிரூபிக்க இருந்த ஒரே பொருளை நான் சாக்கடையில் ஊற்றினேன். அது வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கை வைத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

தேர் அன்று

எங்கள் ஒர்க்‌ஷாப் வாட்ச்மேன் குருசாமி. வண்டிகளை இரவு உள்ளே நெருக்கி நிறுத்துவோம். மெக்கானிக்குகள் எட்டரைக்கு வருவதற்குள் குருசாமி ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து, முன்னால் எடுத்து வரிசையாக நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு வைத்திருப்பார். "சூடாக்கி வச்சிருக்கேன் சார், தோசக்கல்லு மாதிரி" என்பார். நல்ல பழக்கம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் அதனால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எந்த மெக்கானிக்கும் எந்த இன்ஜினையும் ஆறிய நிலையில் பார்த்ததே இல்லை.

டேங்க் கழுவியதற்கு மறுநாள் ஆடிப்பூரம். குருசாமி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், தேர் வடம் பிடிக்க லீவு போட்டுவிட்டார். மற்றவர்களும் மதியத்துக்கு மேல்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் மட்டும் ஏழரைக்கே போய்விட்டேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

பஸ் இரவு முழுக்க நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. அதை நகர்த்தலாம் என்று ஏறிச் சாவியைத் திருப்பினேன். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. முந்தின நாள் மாட்டிய ஸ்கேனர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, திரை எரிந்தது. இன்ஜின் தண்ணீர் வெப்பநிலை இருபத்தொன்பது. உள்ளே வரும் காற்று இருபத்தொன்பது. எரிபொருள் அறுபத்து மூன்று.

பன்னிரண்டு மணி நேரம் நின்ற வண்டியில் தண்ணீர், காற்று, டீசல் மூன்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்க முடியும். கீழே இறங்கி பம்ப்பில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

டீசல் சூட்டை அளக்கும் சென்சார் எப்போதும் முப்பது டிகிரிக்கு மேல் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. குருசாமி சூடாக்கி வைத்த பிறகு பார்த்தால், தண்ணீர் எண்பது, டீசல் எழுபது என்று பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அளவு முழுவதும் கணினிப் பெட்டி ஏற்றுக்கொள்ளும் எல்லைக்குள்ளேயே இருந்ததால் பிழைக் குறியீடும் விழவில்லை. டீசல் நிஜமாக அறுபத்தைந்து டிகிரி ஆகும்போது சென்சார் தொண்ணூற்றெட்டு என்கிறது, பெட்டி பயந்துபோய் எரிபொருளைக் குறைக்கிறது. அந்தக் கணக்கு சரியாக ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது நிறைவேறுகிறது.

கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தேன். வயரில் குறை இல்லை, ஐந்து வோல்ட் ஒழுங்காக வந்தது. சென்சாரின் இரண்டு முனைகளுக்கு இடையே ஐநூற்றுச் சொச்சம் ஓம். அந்த வகை சென்சார் சூடு கூடக் கூட ஓம் குறைந்துகொண்டே வரும். அன்றைய காலைச் சூட்டுக்கு ஆயிரத்து எழுநூறு பக்கம் இருந்திருக்க வேண்டும். கட்டை விரல் அளவு பொருள். மாற்றப் பதினைந்து நிமிடம்.

சொல்லாமல் விட்டது

இங்கேதான் நான் செய்த பெரிய தவறு இருக்கிறது. முன்னால் செய்தது அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

புதிய சென்சாரைப் போட்டேன். மணல் மூட்டையோடு அறுபது கிலோமீட்டர் ஓட்டினேன். வண்டி எங்கும் சோரவில்லை. மில்லுக்கு அனுப்பினேன். பில்லில் "எரிபொருள் வெப்பநிலை சென்சார் மாற்றப்பட்டது" என்று எழுதினேன். கலப்படம் பற்றி முன்பு எழுதியது தவறு என்று எழுதவில்லை. வெங்கடேஷ் போன் செய்து, "வண்டி பறக்குது சார். டேங்க் கழுவுனது வேலை செஞ்சிருச்சு பாத்தீங்களா?" என்றார். அதற்கும் "ஆமா" என்றேன்.

விசாரணை சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் சேவியர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். அதே இஸ்திரி போட்ட சட்டை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"வண்டில என் டிபன் கேரியர் கெடந்துச்சு. இங்க எடுத்து வச்சிருக்கியளான்னு கேக்க வந்தேன் அண்ணாச்சி."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "வண்டி சரியாயிட்டாமே?" என்றார்.

"ஆயிருச்சு."

"நல்லது. பொம்பளைக ஏறுத வண்டி. பாலத்து மேல நின்னா பின்னால வாரவன் பாக்க மாட்டான்." கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "என்னதான் இருந்துச்சு?"

பொய் சொல்ல எனக்கு அந்த நேரத்தில் வார்த்தை வந்திருக்கும். முப்பது வருடப் பழக்கம். ஆனால் அவர் டிரைவராகத்தான் கேட்டார். வண்டிக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவராகக் கேட்கவே இல்லை.

"சென்சார் போயிருந்தது சேவியர். டீசல்ல ஒண்ணுமில்ல. நான் எழுதுனது தப்பு. தேர் அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவர் டிபன் கேரியரைக் கீழே வைத்தார்.

"எம்புட்டு நாளாச்சு?"

"மூணு நாள்."

"மூணு நாளு." தலையை ஆட்டினார். "எம் பொண்டாட்டி என்கிட்ட கேட்டா அண்ணாச்சி, 'நெசமாவே நீங்க ஊத்தலியா'ன்னு. இருபத்தாறு வருசம் கூட இருக்கவ. அவளே கேட்டுட்டா."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத என்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குத்தான் தெரியுமே நான் ஊத்தலன்னு. நாளைக்குப் பத்து மணிக்கு அங்க வந்து சொல்லுங்க. வருவியளா, வர மாட்டியளா? அத மட்டும் இப்பவே சொல்லிருங்க."

"வாரேன்" என்றேன்.

ஒரு டம்ளர் தண்ணீர்

முதலாளியிடம் சொன்னேன். "வயசான காலத்துல ஏன் சார் ஒர்க்‌ஷாப் பேரக் கெடுக்கீங்க? பஸ்ஸு ஓடுதுல்ல?" என்றார். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு இன்றும் அவருக்கு நன்றி.

சனிக்கிழமை பழைய சென்சாரையும், கடையில் வாங்கிய இன்னொரு புதிய சென்சாரையும், ஸ்கேனரையும் எடுத்துக்கொண்டு போனேன். அறையில் மில் மேனேஜர், வெங்கடேஷ், சேவியர், அவருக்குச் சாட்சியாக வந்திருந்த பாக்கியம். நான் எழுதிய ஜாப் கார்டு மேஜை நடுவில் இருந்தது. மேனேஜர் அதைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

"ஆமா சார். கையெழுத்து என்னுது. எழுதியிருக்கிறது தப்பு."

வெங்கடேஷ் எழுந்துவிட்டார். "என்ன சார் இது? இப்ப வந்து மாத்திப் பேசுறீங்க? இவரு உங்கள வந்து பாத்தாரா?"

"பாத்தாரு. டிபன் கேரியர் வாங்க வந்தாரு. அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அஞ்சு நிமிசம் பஸ் பக்கத்துல வாங்க. வாயால சொன்னா நம்ப வேண்டாம்."

பஸ் முற்றத்தில் நின்றது. ஸ்கேனரை மாட்டி, சாவியைத் திருப்பச் சொன்னேன். பம்ப்பில் இருந்த கனெக்டரைக் கழற்றிப் பழைய சென்சாரில் செருகினேன். பாக்கியத்திடம் குடிக்கிற தண்ணீர் ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, சென்சாரின் முனையை அதில் முக்கினேன். ஒரு நிமிடம் காத்திருந்து, திரையை மேனேஜர் பக்கம் திருப்பினேன்.

"எவ்வளவு காட்டுது சார்?"

"அறுபத்தி நாலு."

"தண்ணியத் தொட்டுப் பாருங்க."

மேனேஜர் விரலை விட்டார். வெங்கடேஷையும் விடச் சொன்னார்.

பாக்கியத்தால் சும்மா இருக்க முடியவில்லை. "இம்புட்டுச் சூட்டுத் தண்ணியவா எங்களுக்குக் குடிக்க வச்சிருக்கிய? வேணும்னா முட்டைய அவிச்சுத் தரட்டுமா?"

மேனேஜர் சிரித்துவிட்டார். சேவியர் சிரிக்கவில்லை.

அதே டம்ளரில் புதிய சென்சாரை முக்கினேன். முப்பது காட்டியது. பிறகு சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். மோந்து பார்த்து எழுதியது, மானியை எடுக்காதது, டெஸ்டுக்கு அனுப்பச் சொன்னபோது மறுத்தது, டேங்க்கைக் கழுவியது, மூன்று நாள் சும்மா இருந்தது. வெங்கடேஷ் நடுவில் ஒரு முறை, "அப்ப என்னையும் சேத்து முட்டாளாக்கிட்டீங்க" என்றார். ஆமாம் என்றேன். மேனேஜர் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலைக் காலத்தில் நான் போட்ட கையெழுத்துகளில் அது ஒன்றைப் பற்றித்தான் எனக்கு எந்தச் சஞ்சலமும் இல்லை.

மதியத்துக்குள் சேவியர் கையில் கடிதம் கிடைத்தது. திங்கட்கிழமை முதல் பணி. சஸ்பெண்ட் ஆன நாட்களும் வேலை நாட்களாகவே கருதப்படும்.

மில் கேட்டுக்கு வெளியே, "என்னை மன்னிச்சிருங்க சேவியர்" என்றேன்.

"அத பொறவு பாப்போம் அண்ணாச்சி" என்றவர் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். "ஏட்டி, நாந்தான். திங்கக்கெழம டூட்டி... ஆமா... சென்சாராம்... அது கெடக்கு, ஒனக்குச் சொன்னாப் புரியாது. நான் ஊத்தலன்னு எழுதியே குடுத்துட்டாரு. எழுத்துலட்டி!" எதிர்முனையில் அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, நிழல் பார்த்து நடந்தார். அன்று ஓட்டலில் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கற்றுக்கொண்டது

இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரை மாட்டுங்கள். மூன்று வெப்பநிலையும் ஒன்றுக்கொன்று ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதைச் சந்தேகப்படுங்கள். திரையில் தெரியும் எண் சூடு என்று சொன்னால் கையை வைத்துப் பாருங்கள். வாட்ச்மேனிடம் சொல்லி, குறையோடு வந்த வண்டிகளைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். குருசாமிக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான். "தோசக்கல்ல ஆறப்போட்டா எப்படி சார் தோச வரும்?" என்று கேட்டார். பிறகு பழகிவிட்டார்.

மற்றது இதுதான். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், "காரணம் இன்னும் தெரியவில்லை" என்றே ஜாப் கார்டில் எழுதுங்கள். அடுத்தவர் சம்பந்தப்பட்ட ஒரு காரணத்தை, சோதித்துப் பார்க்காமல் எழுதாதீர்கள். உங்களுக்கு அது ஒரு வரி. அதை வாங்கிப் போகிறவர்கள் அதை வைத்து என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

ஓய்வு பெறுவதற்கு முன் இருந்த அந்த ஒரு வருடத்தில் ஏழு ஜாப் கார்டில் நான் அப்படி எழுதினேன். முதல் தடவை எழுதும்போது கூச்சமாக இருந்தது, காது சூடானது. இரண்டு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். ஐந்து பேர், "சரி, பாத்துட்டுச் சொல்லுங்க" என்று காத்திருந்தார்கள்.